கறுப்புத் தகட்டில் ஒரு குமிழி

“மேடம், உழைக்க உழைக்க எந்தப் பொருளும் தேயத்தானே செய்யும்? என்னோடது மட்டும் ஏன் வளருது?”

கேட்டவர் அருமைராஜ். பாலிடெக்னிக்கில் வேதியியல் நடத்துபவர். தலை முழுக்க நரைத்த பிறகு ஆராய்ச்சிக்கு வந்தவர். வழிகாட்டி மும்தாஜ் அவரைவிட மிகவும் இளையவர்.

நிக்கலும் பாஸ்பரஸும் சேர்ந்த ஒரு கறுப்புப் பூச்சு. அதைத் தகட்டில் ஏற்றி, அமில நீரில் நிறுத்தி, மின்சாரம் கொடுத்தால் நீரிலிருந்து ஹைட்ரஜன் பிரியும். பிளாட்டினம் செய்கிற வேலையை மலிவாகச் செய்ய வேண்டும். அதுதான் அவர் தேடியது.

மற்றவர்களின் பூச்சு சாயங்காலத்துக்குள் களைத்துவிடும். அவருடையது மணிக்கு மணி பலம் பெற்றது.

“கட்டுரை தயார் மேடம். நாளைக்கே அனுப்பிடலாம். இந்த வருஷத்தோட என் பிஎச்.டி. பதிவுக் காலமும் முடியுது.”

மும்தாஜ் கண்ணாடிக் கலத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

“எதிர்முனையில என்ன சார்?”

“பிளாட்டினம் கம்பி. கரண்ட் சுத்தி வரணுமே, அதுக்கு. அதுக்கு வேற வேலை இல்ல.”

“அது உங்ககிட்ட அப்படிச் சொல்லுச்சா?”

அருமைராஜ் சிரித்தார். மும்தாஜ் சிரிக்கவில்லை.

கம்பியை எடுத்தார். அந்த இடத்தில் ஒரு கிராஃபைட் கோலை நிறுத்தினார். கலத்தைக் கழுவி, புது அமில நீர் ஊற்றி, புதுத் தகடு வைத்தார். ஸ்விட்சைப் போட்டார்.

“சாப்பிட்டுட்டு வாங்க சார்.”

அவர் போகவில்லை.

கணினித் திரையில் தகட்டின் பலத்தைக் காட்டும் கோடு தாழ்வாகத் தொடங்கியது. மதியம் அப்படியே கிடந்தது. மாலையில் சற்று இறங்கியது.

“அப்போ அந்தப் பலம்...”

“கம்பியோடது. அணு அணுவாக் கரைஞ்சு, தண்ணியைக் கடந்து, உங்க தகட்டுல வந்து உக்காந்திருக்கு.”

“கண்ணுக்கே தெரியலையே.”

“தெரிஞ்சிருந்தா கட்டுரை எழுதியிருப்பீங்களா?”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அப்போ என்னோடதுன்னு ஒண்ணுமே இல்ல.”

மும்தாஜ் திரையை அணைத்தார்.

“உள்ள பாருங்க சார். இதுல பிளாட்டினம் இல்ல.”

அவர் குனிந்தார். இத்தனை காலமும் தான் பார்த்தது திரையை மட்டும்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

கறுப்புத் தகட்டில் ஒரு புள்ளி. அது உருண்டு திரண்டு கடுகளவு ஆனது. சற்று முன்பு வெறும் தண்ணீர். இப்போது எரியக்கூடிய காற்று. தகட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது. நடுங்கியது. விடுபட்டு மேலே போனது.

அதே இடத்தில் வேறொரு புள்ளி.

“சார், கட்டுரையை என்ன செய்யப்போறீங்க?”

“கொஞ்சம் பேசாம இருங்க மேடம். இன்னொண்ணு வருது.”