பன்னிரண்டடி மடம்

"டெல்லியில ஒரு சட்டம் இருக்கு. சென்னையில ஒரு சட்டம் இருக்கு. எங்க ஊர்ல ஒரு தீர்மானப் புத்தகம் இருக்கு. மூணுல எது என் பிள்ளை காலைப் பிடிச்சு மேல இழுக்கும், சொல்லு" என்றாள் ரெஜினா.

குரு கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

இருவரும் கான்வென்டில் ஒரே பெஞ்சு. ஒருத்தி காவி கட்டிக் குன்றுக்கு ஏறிவிட்டாள். மற்றவள் போன தேர்தலில் நின்று, கீழே செவ்வந்திமேட்டுக்கு ஊராட்சித் தலைவராகிவிட்டாள். வெள்ளிக்கிழமைதோறும் படியேறி வந்து கேள்வி கேட்பாள். கேள்வி வந்தால் "குருவே." கோபம் வந்தால் "கயலு."

"எந்தக் கால்?" என்றாள் குரு.

"வலது."

"சொல்லு."

"நாலுவழிச் சாலையோட ஓரப் பாதை, மாநிலச் சாலை, எங்க தெரு. மூணும் சேர்ற முக்குல சாக்கடை மூடி உடைஞ்சு மூணு மாசம். அங்கன்வாடிக்கு அதைத் தாண்டித்தான் போகணும். நேத்து என் மெர்சி உள்ள போயிட்டா. இடுப்பு வரைக்கும். செருப்பு போச்சு. பிள்ளை என் கையில வந்துட்டா."

ரெஜினாவின் வலது கை இன்னும் எதையோ பிடித்திருப்பதுபோல் மூடியே இருந்தது.

"மழைக்கு இருபது நாள்தான் இருக்கு. மழை வந்தா தண்ணி எது, குழி எதுன்னு தெரியாது."

குரு உரித்த கடலையை நீட்டினாள். ரெஜினா வாங்கவில்லை.

"யாரைக் கேட்ட?"

"நாலுவழிக்காரங்க, எங்க எல்லை மஞ்சக் கல்லோட முடியுதுங்கறாங்க. மாநிலச் சாலைக்காரங்க, எங்களுது வேப்பமரத்துக்கு அப்புறம்தான் ஆரம்பிக்குதுங்கறாங்க."

"உங்க ஊராட்சி?"

"எங்க வரைபடத்துல தெரு தண்ணித் தொட்டியோட நின்னுடுது."

"நடுவுல?"

"பன்னிரண்டு அடி. நானே அளந்தேன். யாருக்கும் சொந்தமில்ல."

குரு கடலைத் தோலை ஊதினாள்.

"யாருக்கும் சொந்தமில்லாத பன்னிரண்டு அடி. நல்ல இடமா இருக்கே."

"உனக்கென்ன கயலு, உன் குன்று அடுத்த ஊராட்சி. நான் அழுதுடுவேன்."

"வர்ற வாரம் அழு. திங்கக்கிழமை எங்க இருப்ப?"

"மாவட்டத்துல ரெண்டு நாள் பயிற்சி. தலைவருங்களுக்கு."

"என்ன சொல்லித் தராங்க?"

"மத்திய அரசு, மாநில அரசு, உள்ளாட்சி. யாருக்கு என்ன அதிகாரம்னு."

குரு சிரித்தாள்.

"நல்லாக் கேட்டுட்டு வா."

*

திங்கட்கிழமை காலை குரு குன்றிலிருந்து இறங்கினாள். தோளில் இரண்டு கனத்த பலகைகள். கக்கத்தில் ஒரு குடை, ஒரு பாய். கையில் ஒரு மணி.

குழியின் குறுக்கே பலகைகளைப் போட்டாள். ஓரமாகப் பாயை விரித்தாள். குடையை நட்டாள். மணியைக் குடைக் கம்பியில் கட்டினாள். ஓர் அட்டையில் கரியால் எழுதிச் சாய்த்து வைத்தாள்.

குன்று மடம். கிளை. எல்லாரும் வரலாம்.

பிள்ளைகள் வந்தார்கள். மெர்சி அப்பாவின் கழுத்தை விடவில்லை. குழியைப் பார்க்கவும் இல்லை.

"மணி அடிக்க ஆள் இல்ல" என்றாள் குரு, யாரிடமோ சொல்வதுபோல்.

மெர்சி ஒரு கண்ணால் பார்த்தாள். பிறகு இறங்கினாள். பலகையில் நின்று மணி அடித்தாள். அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்து இன்னொரு முறை அடித்தாள்.

*

பதினோரு மணிக்கு நாலுவழிச் சாலை அதிகாரியின் ஜீப் நின்றது.

"சாமி, இங்க மடம் கட்டக் கூடாது. இது மத்திய அரசு இடம்."

"எது?"

"நீங்க உட்கார்ந்திருக்கிற இடம்தான்."

"மஞ்சக் கல்லோட முடியுதுன்னாங்களே."

"கல்லைத் தள்ளி நட்டுட்டாங்க சாமி."

"எழுதிக் கொடுங்க ஐயா. எனக்கு ஞாபக மறதி."

அவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே மாநிலச் சாலை ஆய்வாளர் பைக்கில் வந்தார்.

"சார், எங்க இடத்துல நீங்க எதுக்கு நோட்டீஸ் குடுக்கறீங்க?"

"உங்க இடமா? உங்களுது வேப்பமரத்துக்கு அங்கிட்டுதானே?"

"மரம் எங்களுதுன்னா மரத்தோட நிழலும் எங்களுதுதான். நகருங்க."

வெகுநேரம் பேசினார்கள். குரு இருவருக்கும் கடலை கொடுத்தாள். ஆளுக்கொரு நோட்டீசாக இரண்டு தாள் வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அதே நேரம் மாவட்டத்தில் சாப்பாட்டு இடைவேளை. ஊராட்சிச் செயலர் பஸ் பிடித்துப் போய் ஒரு கட்டுத் தாளை நீட்டினார்.

"வழக்கமானதுதாம்மா. அவசரம்."

ரெஜினா ஒரு கையில் அப்பளத்தோடு கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் ஊராட்சியின் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர் சுடலைமுத்து பசைச் சட்டியும் ஒரு தாளுமாக வந்து தயங்கி நின்றான்.

"கோவிச்சுக்காதீங்க சாமி. ஒட்டச் சொன்னாங்க. சுவரு இல்லியே, எங்க ஒட்ட?"

"குடையில ஒட்டு. வெயிலுக்கு ஆகும்."

*

புதன்கிழமை காலை ரெஜினா வந்தபோது முக்கு முழுக்கக் கூட்டம். மடத்தை எப்படி எடுக்கிறார்கள் என்று பார்க்க ஊரே வந்திருந்தது. வார்டு உறுப்பினர்கள் ஆறு பேரும் முன்வரிசையில் நின்றார்கள். செயலர் கக்கத்தில் தீர்மானப் புத்தகத்தோடு நின்றார்.

மெர்சி பலகையில் நின்று மணி அடித்துக்கொண்டிருந்தாள்.

"யாராச்சும் அவளைப் பிடிங்க" என்று கத்த வந்த ரெஜினா, பலகையைப் பார்த்து நின்றாள்.

குரு இரண்டு தாளை எடுத்து நீட்டினாள். ரெஜினா முதலாவதைப் படித்தாள். இரண்டாவதைப் படித்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"கயலு, ரெண்டு பேரும் எழுத்துல ஒத்துக்கிட்டாங்க."

"இன்னொண்ணும் இருக்கு. குடையைத் திருப்பு."

ரெஜினா குடையைத் திருப்பினாள்.

"சத்தமாப் படி" என்றாள் குரு. "கூட்டத்துக்குக் கேக்கட்டும்."

"மேற்படி பன்னிரண்டு அடி இடம் இந்த ஊராட்சிக்குப் பாத்தியப்பட்டது. அதில் வைத்துள்ள பலகை முதலானவற்றை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் அகற்றி, முன்பிருந்த நிலைக்கே விட வேண்டியது. இப்படிக்கு..."

நின்றுவிட்டாள்.

"இப்படிக்கு யாரு?"

ரெஜினா தன் கையெழுத்தையே பார்த்தாள். முதலில் தோள் குலுங்கியது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு பலகையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. அம்மா சிரிப்பதைப் பார்த்து மெர்சியும் சிரித்தாள்.

குரு எழுந்து பாயைச் சுருட்டினாள். மெர்சியைத் தூக்கி அந்தப் பக்கம் விட்டாள். குனிந்து ஒரு பலகையின் முனையைப் பிடித்தாள்.

"என்ன பண்ற?"

"முன்பிருந்த நிலைக்கே விடணுமாம். உத்தரவு."

ரெஜினா பலகையை அழுத்திப் பிடித்தாள். வலது கையால்.

"எடுக்காதே."

"யாரு சொல்றது? மெர்சியோட அம்மாவா, தலைவரா?"

ரெஜினா கண்ணைத் துடைத்தாள்.

"செயலர் அண்ணே, அந்தப் புத்தகத்தைக் குடுங்க."

"அம்மா, கூட்டம் போடணும்னா முன்னாடியே அறிவிப்பு..."

"அவசரக் கூட்டம்னு நானே எழுதறேன். காரணம், இது பிள்ளைங்க நடக்கிற இடம். பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி கான்கிரீட் மூடி ரெண்டு சும்மா கிடக்கு, இன்னைக்கே வரணும். இந்த ரெண்டு நோட்டீசையும் பத்திரமா வைங்க. அவங்க இடம்னு அவங்களே சொல்லிட்டாங்க, தடுப்புச் சுவரு அவங்க ரெண்டு பேரும் கட்டட்டும்."

குழியின் மேலேயே சம்மணம் போட்டு, மடியில் புத்தகத்தை விரித்துத் தேதி எழுதினாள்.

"முன்மொழியறது யாரு?"

ஆறு கைகள் ஒன்றாக எழுந்தன.

"ஒருத்தர் போதும். வழிமொழியறது?"

குரு மெதுவாகக் கையை உயர்த்தினாள்.

ரெஜினா நிமிர்ந்து பார்த்தாள்.

"குருவே, உங்களுக்கு இந்த ஊர்ல ஓட்டு இல்ல. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."