பலகையின் கால்மாட்டில் ஏன் எண்ணெய் இல்லை

அந்தக் காலத்தில் மரமும் பழமும் மிருகமும் ஒரே பாஷை பேசின. பேசின என்பதைவிட, ஒன்றையொன்று குறை சொல்லிக்கொண்டே இருந்தன என்றால் சரியாக இருக்கும்.

மலையடிவாரத்தில் மழை நனைக்காத குகை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதற்காக வருஷா வருஷம் நடந்த சண்டையில் பாதிப் பேருக்குக் காது கிழிந்துபோகவே, யானையம்மா ஒரு போட்டி வைத்தாள். இடி விழுந்து பலகையாகப் பிளந்து கிடந்த மருதமரத்தின் மேல் விளாம்பழத்தை உருட்ட வேண்டும். மறுகோடியில் முக்கோணமாக நிற்கும் பத்து மூங்கில் கட்டைகளும் ஒரே உருட்டில் விழுந்தால், மழைக்காலம் முடியும்வரை குகை உருட்டியவருக்கு. யாராலும் முடியாவிட்டால் போன வருஷம் இருந்தவரே இருந்துகொள்ளலாம்.

போன வருஷம் இருந்தவர் முள்ளம்பன்றி. அதற்கு முந்தின வருஷமும் அவர்தான். போட்டியை அறிவித்த அன்று குகைக்குள் தூங்கிக்கொண்டிருந்ததைத் தவிர அவர் வேறு எதுவும் செய்ததில்லை.

சடைச்சி என்ற கரடிக்கு இதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும். அவளுக்கு இரண்டு குட்டிகள். சின்னதற்குப் போன மழையில் வந்த இருமல் இன்னும் விடவில்லை. இன்னொரு மழைக்காலத்தை மரத்தடியில் கழித்தால் அது தாங்காது என்று அவளுக்குத் தெரியும். பலத்துக்கு அவளிடம் குறைவில்லை. விளாம்பழம் அப்போதெல்லாம் பூசணிக்காய் அளவு இருக்கும். அதில் மூன்று நகங்களைக் குத்திப் பிடித்து நேராக உருட்டுவாள். அது முன்கட்டையின் நெற்றியிலேயே போய் மோதும். நடுவில் இருப்பதெல்லாம் சாயும். இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு கட்டை மட்டும் கோபித்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும். எத்தனை தடவை உருட்டினாலும் அதே இரண்டு கட்டைகள்.

அந்த வருஷம் போட்டி தொடங்கும்போதே மருதப்பலகை புலம்ப ஆரம்பித்தது. முதுகில் தோலே இல்லையாம், பழம் உரசி உரசி எரிகிறதாம், எண்ணெய் தேய்த்துவிடாவிட்டால் எழுந்து போய்விடுமாம். மரம் எப்படி எழுந்து போகும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு புலம்பல் வரும். வாலில் நல்ல மயிர் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக மலையணிலைப் பிடித்து, இலுப்பை எண்ணெயைக் கையில் கொடுத்தார்கள்.

அணில் வாலை நனைத்து, பழத்தை உருட்டிவிடும் பக்கமான தலைமாட்டிலிருந்து தேய்க்கத் தொடங்கியது. பலகை வாயை மூடவில்லை. நடுமுதுகில் இன்னும் கொஞ்சம் என்றது. ஓரத்தில் வேண்டாம், கூசுகிறது என்றது. அங்கே அழுத்து, இங்கே விடு என்றது. முக்கால்வாசி தூரம் பொறுத்துக்கொண்டு வந்த அணிலுக்குக் கடைசியில் பொறுமை போய்விட்டது.

“மிச்சத்தை நீயே தேய்ச்சுக்கோ” என்று எண்ணெய்ச் சிரட்டையைப் புதரில் எறிந்துவிட்டு மரமேறிவிட்டது. கால்மாடு காய்ந்தபடியே கிடந்தது. கருத்த மரத்தில் எண்ணெய் எது, வெறும் பலகை எது என்று கண்ணுக்குத் தெரியாததால் யாரும் கவனிக்கவில்லை.

அன்று முழுக்க மாறி மாறி உருட்டியும் ஒருவருக்கும் பத்து விழவில்லை. எல்லோரும் நடுவாகவே உருட்டினார்கள். சடைச்சிக்கும் அதே இரண்டு கட்டைகள் நின்றன. மேகம் திரண்டது. சின்னக்குட்டி இருமியது. முள்ளம்பன்றி கொட்டாவி விட்டார். அந்தக் கொட்டாவியைப் பார்த்ததும் சடைச்சிக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறிவிட்டது. நின்ற இடத்தையும் பார்க்கவில்லை. ஓரமாக நின்றபடியே பழத்தை விசிறி, நகங்களை வெடுக்கென்று இழுத்தாள். பழம் சுழன்றுகொண்டே அங்கே லேசாக இருந்த எண்ணெயில் நேராக வழுக்கிப் போனது. காய்ந்த கால்மாட்டைத் தொட்டதும் அதன் சொரசொரப்பான ஓடு பலகையைக் கவ்வியது. சட்டென்று உள்பக்கம் திரும்பி, முன்கட்டையின் நெற்றியை விட்டு விலாவில் இடித்தது. பத்தும் விழுந்தன.

சடைச்சி குட்டிகளைக் கூப்பிடப் போனாள். அதற்குள் முள்ளம்பன்றி எழுந்துவிட்டார்.

“கோபத்துல கை தவறி விழுந்ததுக்கெல்லாம் குகையைக் கொடுக்க முடியுமா? இன்னொரு தடவை தள்ளட்டும், பார்ப்போம்” என்றார்.

யானையம்மாவும் தலையாட்டிவிட்டாள். சடைச்சி பல்லைக் கடித்துக்கொண்டு அதே ஓரத்தில் நின்றாள். அதே வேகம், அதே வெடுக்கு. இந்த முறை பழம் பாதி வழியிலேயே திரும்பி, கட்டைகள் பக்கமே போகாமல் பலகையை விட்டுப் புல்லில் விழுந்தது. யானையம்மா வானத்தைப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் இன்னும் ஒரே ஒரு உருட்டு என்றாள்.

சடைச்சி பழத்தைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“அதேமாதிரிதானே உருட்டினேன்? உனக்கு என்னதான் வந்துச்சு?”

“என்னை ஏன்க்கா திட்டுற? என் வயித்தைப் பாரு” என்றது பழம். “எண்ணெய் இருந்தா எனக்குப் பிடி கிடைக்காது. இல்லைன்னா கவ்விக்குவேன். முதல் தடவை போன தடத்துல இருந்த எண்ணெயெல்லாம் என் மேல ஒட்டிக்கிச்சு. நீ மறுபடியும் அதே காய்ஞ்ச தடத்துல விட்டா, பாதியிலேயே கவ்வாம நான் என்ன செய்ய?”

பழம் முழுக்கப் பளபளவென்று எண்ணெய். சடைச்சிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. இருந்தாலும் நெஞ்சு மயிரால் பழத்தை அழுந்தத் துடைத்தாள். நடுமுதுகில் இன்னும் கொஞ்சம் என்று பலகை நச்சரித்தது நினைவுக்கு வந்தது. காலை நடுப்பக்கமாக நகர்த்தி நின்று, எண்ணெய் இன்னும் மிச்சமிருந்த இடத்தில் சுழற்றி விட்டாள். பழம் நேராகப் போனது. போய்க்கொண்டே இருந்தது. கால்மாட்டில் திரும்பியது. பத்தும் விழுந்தன. முதல் தூறல் விழும்போது சின்னக்குட்டி குகைக்குள் காய்ந்த சருகின் மேல் படுத்திருந்தது.

நனைந்த முள்ளம்பன்றி சும்மா இருப்பாரா? கால்மாட்டை ஏன் விட்டாய் என்று அணிலைப் பிடித்துக்கொண்டார். பலகையும் கூடச் சேர்ந்துகொண்டது. இரண்டு பேரிடமும் பேச்சு வாங்கிய அணில் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டது: “இனிமே கால்மாட்டைத் தொடவே மாட்டேன். மிச்சத்தை ஒவ்வொரு வருஷமும் என் இஷ்டத்துக்குத்தான் தேய்ப்பேன். எங்கே எவ்வளவுன்னு ஒருத்தருக்கும் சொல்ல மாட்டேன்.”

அடுத்த வருஷம் சடைச்சி நம்பிக்கையோடு வந்து, அதே நடுப்பக்கத்தில் நின்று, அதேமாதிரி உருட்டினாள். பழம் திரும்பவே இல்லை.

அன்று முதல்தான், பந்தை உருட்டிப் பத்துக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் விளையாட்டில், பாதையின் முன்பகுதியில் கண்ணுக்குத் தெரியாத எண்ணெயும் கடைசியில் வெறும் பலகையும் இருக்கின்றன. பந்துக்கு மூன்று துளைகள் இருக்கின்றன. பந்து வழுக்கிப் போய்க் கடைசியில் திரும்புகிறது. கோப்பை கோப்பையாக ஜெயித்தவர்கூட, நேற்று விழுந்த அதே உருட்டு இன்று ஏன் விழவில்லை என்று பந்தைத் துடைத்துக்கொண்டே பாதையை முறைத்துக்கொண்டு நிற்பதும் அன்று முதல்தான்.