நாற்பது பேரும் நாலு பாத்தியும்

உப்பளத்துக்குள் நடந்து போகிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. எது தூரம், எது கிட்டே என்று கண் சொல்லாது. தரையெல்லாம் தண்ணீர், தண்ணீரெல்லாம் வானம். அரை மணி நேரம் நடந்த பிறகும் புறப்பட்ட இடத்திலேயே நிற்கிற மாதிரி இருக்கும்.

அந்த வெளியின் நடுவில் ஒரு தகரக்கூரை மடம். அதில் ஒரு பெண் இருந்தாள். வயது நாற்பதுக்குள்தான். அளத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் குடிதண்ணீர் வைப்பாள். கேட்டால் பேசுவாள், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. எல்லோருக்கும் அவள் அக்கா. ஐம்பத்தாறு வயதுக் கோமதிநாயகத்துக்கும் அக்காதான். அவர் அவளுடைய சீடர். சீடர் என்று அவராகச் சொல்லிக்கொண்டார். அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

கோமதிநாயகம் பம்பு செய்கிற ஒரு கம்பெனியில் அதிகாரி. ஊழியர்களைக் கூட்டிக்கொண்டு போய் ஊருக்கு நல்லது செய்வது அவர் பொறுப்பு. மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை, ஒரு பஸ், நாற்பது பேர், எல்லோருக்கும் ஒரே நிறத்தில் டீ-சர்ட். பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடித்தார்கள், கண் முகாம் வைத்தார்கள், மரம் நட்டார்கள். மனுஷர் நிஜமாகவே நல்லவர். அதைச் சொல்லாமல் மேலே போனால் பாவம் வந்து சேரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் அவர் மடத்துக்கு வந்தார். கொடுத்த தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

"முகம் ஏன் இப்படிக் கெடக்கு?" என்றாள் அக்கா.

"நல்லது செய்யத்தான் போனோம் அக்கா. நாசமாப் போச்சு."

நடந்தது இதுதான். முந்தின நாள் நாற்பது பேரும் அளத்துக்கு வந்தார்கள். சுடலைவடிவு என்கிற பெண்ணுக்கு அங்கே நாலு உப்புப் பாத்தி. புருஷன் இல்லை. அந்த நாலு பாத்திதான் அவளுக்கும் பிள்ளைகளுக்கும் சோறு. அன்றைக்கு ஒரு நாள் அவளுக்குப் பதிலாக இவர்கள் உப்பு வாரிக் கொடுப்பது என்று ஏற்பாடு.

கம்பெனியில் ஒரு சட்டம் உண்டு. வேலை நடக்கிற இடத்தில் யார் காலை வைத்தாலும் இரும்பு முனை வைத்த பூட்ஸ் போட்டிருக்க வேண்டும். கோமதிநாயகமே குனிந்து நாற்பது ஜோடிக் கால்களையும் பார்த்துத்தான் பஸ்ஸில் ஏற்றினார்.

வந்தவர்கள் விருந்தாளிகள் அல்லவா? வடிவு டீ வாங்கப் போனாள். அவள் வருவதற்குள் வாரி முடித்து அசத்திவிட வேண்டும் என்று நாற்பது பேரும் பாத்திக்குள் இறங்கினார்கள். வாரினார்கள், சிரித்தார்கள், நடுவில் நின்று கையைத் தூக்கிப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பாத்தித் தரை என்பது சும்மா தரை இல்லை. மழை ஓய்ந்ததும் நாள்கணக்காக வெறுங்காலால் மிதித்து மிதித்து இறுக்கிய தரை. அது இறுகினால்தான் உப்பு வெள்ளையாக வரும். பூட்ஸ் அதை உழுதுவிட்டது. வாரிய உப்பெல்லாம் சேற்று நிறம்.

டீயோடு திரும்பிய வடிவு வரப்பில் நின்று பார்த்தாள். தூக்குவாளியைத் திறந்து நாற்பது பேருக்கும் டீ ஊற்றிக் கொடுத்தாள். டீ நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள்.

திரும்பும் வழியில் பஸ் டிரைவர்தான் மெல்லச் சொன்னார். "சார், அந்தப் பொம்பளைக்கு இந்த வருசம் போச்சு."

இதையெல்லாம் சொல்லி முடித்த கோமதிநாயகத்துக்குக் கண் கலங்கியிருந்தது.

"அவகிட்டப் போய்ப் பேசினீங்களா?" என்றாள் அக்கா.

"எந்த முகத்தோட போவேன்? அடுத்த சனிக்கிழமை ஆளோட போறோம். எல்லாத்தையும் சரி பண்ணிக் கொடுத்துருவோம்."

"எத்தனை பேரு?"

"நாற்பது பேரு."

"அதே நாற்பது பேரா?"

"ஆமா அக்கா. எல்லாரும் ரொம்ப வருத்தப்படுதாங்க."

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து ஓய்ந்து, "எந்திரிங்க, போவோம்" என்றாள்.

இருவரும் வரப்பின் மேல் நடந்தார்கள். சூரியன் வந்திருந்தது, ஆனால் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. மேலே ஒன்று, கீழே ஒன்று. தூரத்தில் உப்புக் குவியல்கள் மிதந்தன. ஒரு நாரை தண்ணீரில் நின்றதா வானத்தில் நின்றதா என்று கோமதிநாயகம் யோசித்துக்கொண்டே வந்தார். எவ்வளவு நேரம் நடந்தோம் என்பது அவருக்கு மறந்துபோயிற்று.

வடிவு பாத்திக்குள் தனியாக நின்று மிதித்துக்கொண்டிருந்தாள். கையில் ஒரு கம்பு. நிமிர்ந்து இவரைப் பார்த்தாள்.

"இன்னும் என்னத்த மிதிக்கணும்னு வந்திருக்கீய?"

கோமதிநாயகம் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அவளோ வரப்பில் உட்கார்ந்து, யாருடைய வீட்டுக் கல்யாணமோ என்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிக்கணும்மா" என்றார்.

"எங்கிட்ட எதுக்கு சார்? சேத்துகிட்டச் சொல்லுங்க."

"நான் என்ன செய்யணும்னு சொல்லும்மா. செய்யுதேன்."

"ஒண்ணுமே செய்யாம இருங்க சார். பெரிய உபகாரமா இருக்கும்."

நியாயம்தானே? கோமதிநாயகம் திரும்பிப் போகக் காலெடுத்தார். அப்போதுதான் அக்கா வாயைத் திறந்தாள்.

"வடிவு, தனியா மிதிச்சா எத்தனை நாளு ஆகும்?"

"ஒரு மாசம் ஆகும்க்கா. அதுக்குள்ள நல்ல வெயிலு போயிரும்."

"கூட ஒருத்தர் மிதிச்சா?"

வடிவு கோமதிநாயகத்தின் காலையே பார்த்தாள். அவர் செருப்பைக் கழற்றினார். வருஷக்கணக்கில் ஆபீஸ் ஷூவுக்குள் கிடந்து வெயில் படாத பாதம், கைக்குழந்தைப் பாதம் மாதிரி வெளுத்துக் கிடந்தது. அதைப் பார்த்து அவளுக்கே இரக்கம் வந்திருக்க வேண்டும்.

"குதிங்காலை ஊனாதீங்க சார். குழி விழும். முழுப் பாதமும் ஒரே நேரத்துல படணும். என் பொறத்தாலயே வாங்க."

அவர் பாத்திக்குள் இறங்கினார். முதல் அடியிலேயே குழி விழுந்தது. "ம்ஹூம்" என்றாள் அவள், அதன் மேல் தன் பாதத்தை வைத்து மூடினாள். இரண்டாவது அடியும் அப்படியே. ஒரு வரிசை முடிவதற்குள் அவருக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. விரலிடுக்கில் உப்புத்தண்ணீர் ஏறி எரிந்தது.

"இன்னும் எத்தனை வரிசைம்மா?"

"அதைக் கேட்டுக்கிட்டே மிதிச்சா மிதிக்க முடியாது சார்."

மறுநாளும் விடியும் முன் வந்தார். அதற்கு மறுநாளும். ஆபீஸ் போகும்வரை மிதிப்பார், பிறகு மடத்தில் கால் கழுவிக்கொண்டு போவார். ஆபீஸில் நாற்பது பேரும் அவரைச் சூழ்ந்துகொண்டு கேட்டார்கள், எப்போது சார் போகலாம், பஸ்ஸுக்குச் சொல்லிவிடலாமா என்று. பொறுங்கள் பொறுங்கள் என்று நழுவினார்.

ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, எண்ணிக்கை தவறிவிட்டது. பாத்தியில் கணுக்கால் அளவுகூட இல்லாத தண்ணீர். அதில் மேகம் போய்க்கொண்டிருந்தது. அவர் மேகத்தின் மேல் கால் வைத்தார், மேகம் நகர்ந்து அடுத்த கால் வந்தது. முன்னால் வடிவின் முதுகு. அவள் பாதம் எடுத்த இடத்தில் இவர் பாதம். எரிச்சல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கோமதிநாயகம் என்று ஒருவர் இருந்தாரே, அவரும் எங்கே போனார் என்று தெரியவில்லை. வரிசையின் கடைசியில் வரப்பு வந்து முட்டியபோதுதான் அவர் முழித்துக்கொண்டார். வடிவு திரும்பிப் பார்த்து நின்றாள். அவள் ரொம்ப நேரமாக "ம்ஹூம்" சொல்லவே இல்லை என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

நாலாவது பாத்தியும் முடிந்த அன்று வடிவு தரையைக் கம்பால் தட்டிப் பார்த்தாள். ணங்கென்று கேட்டது. மடையைத் திறந்து உப்புத்தண்ணீரை உள்ளே விட்டாள். நல்ல வெயில் இன்னும் மிச்சமிருந்தது.

"பிழைச்சேன்" என்றாள், யாரிடமும் இல்லாமல். பிறகு தூக்குவாளியை எடுத்தாள். "டீ வாங்கிட்டு வாரேன். இருந்து குடிச்சிட்டுப் போங்க அண்ணாச்சி."

அண்ணாச்சி என்றாள்! மகள் கல்யாணத்தில்கூடக் கோமதிநாயகம் அப்படிச் சந்தோஷப்பட்டிருக்க மாட்டார். அந்தச் சந்தோஷத்தோடு அக்காவிடம் ஓடி வந்தார்.

"அக்கா! பாத்தி பிழைச்சிருச்சு. இப்படி எத்தனை வடிவு இருக்காங்க இந்த அளத்துல! எனக்கு இப்போ மிதிக்கத் தெரியும். நாற்பது பேருக்கும் சொல்லிக் கொடுத்துருவேன். பூட்ஸ் கிடையாது. நாளைக்கே கூட்டிட்டு வரட்டுமா?"

அக்கா எழுந்து அவரோடு வடிவின் பாத்திக்கு வந்தாள். தண்ணீர் பரவிக்கொண்டிருந்தது. அதன் அடியில் தரை தெளிவாகத் தெரிந்தது.

"இதுல நீங்க மிதிச்சது எது, வடிவு மிதிச்சது எது? காட்டுங்க."

கோமதிநாயகம் வரப்பில் குந்தி உட்கார்ந்து தேடினார். இந்த மூலை, அந்த மூலை. எங்கே பார்த்தாலும் வானம்தான் கிடந்தது.

"தெரியலையே அக்கா."

"தெரியலைன்னு வருத்தமா இருக்கா?"

அவர் யோசித்தார். "இல்லை" என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"நாற்பது பேர்கிட்டயும் இதைக் கேளுங்க" என்றாள் அக்கா. "வருத்தம் இல்லைங்கிறவங்களை மட்டும் கூட்டிட்டு வாங்க. பஸ்ஸு வேண்டியிருக்காது."