எதிர்க் கோலுக்குப் பின்னால் போட்ட நாற்காலி

குருவுக்கு வயது முப்பத்தொன்பது. சீடருக்கு ஐம்பத்து மூன்று. இது நடந்தது கோவில்பட்டியில். அங்கே ஹாக்கி மட்டையோடு ஒருவர் நின்றால் அவருக்கு என்ன வயசு, என்ன சாதகம் என்று யாரும் விசாரிக்க மாட்டார்கள். நாலு விஷயம் தெரிந்திருந்தால் வாத்தியார், அவ்வளவுதான்.

குரு, பிரிஸ்கில்லா டீச்சர். பெண்கள் ஹாக்கி விடுதியின் பயிற்சியாளர். ஒரு காலத்தில் கோல்கீப்பர். பந்து பட்டு உடைந்த மூக்கு இன்னும் லேசாகக் கோணல்தான்.

சீடர், சீனிப்பாண்டி அண்ணாச்சி. பட்டாளத்தில் இருபத்தாறு வருஷம். அங்கே ரெஜிமென்ட் அணிக்கு சென்டர் ஃபார்வர்ட். ஓய்வு பெற்று ஊருக்கு வந்த மறுவாரமே டீச்சர் முன்னால் போய் விறைப்பாக நின்றார்.

"பயிற்சி கொடுக்கக் கத்துக்கணும், டீச்சர்."

"கோல் போடத் தெரியுமா, அண்ணாச்சி?"

"அது மட்டுந்தான் தெரியும்."

"அப்ப கொஞ்சம் கஷ்டந்தான். சரி, நாளையிலிருந்து வாங்க."

வந்தார். இரண்டு வருஷமாக ஒரு நாள் தப்பாமல் வந்தார். கூடவே ஒரு மடக்கு நாற்காலியும் வந்தது. ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் அதை எதிரணியின் கோலுக்குப் பின்னால் விரித்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். பாதி ஆட்டம் முடிந்து அணிகள் பக்கம் மாறினால் நாற்காலியும் மாறும். மைதானத்தின் நீளம் முழுக்க அதைத் தூக்கிக்கொண்டு நடப்பார்.

"கோல் விழுறதைக் கிட்ட இருந்து பார்க்கலைன்னா அது என்ன ஆட்டம்?" என்பார்.

பிள்ளைகளுக்கு இது பழகிப் போயிற்று. இடைவேளை விசில் ஊதியதும் தண்ணீர் குடிப்பதற்கு முன்னால் யாராவது ஒருத்தி ஓடி வந்து நாற்காலியைத் தூக்கிவிடுவாள். அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே பின்னால் போவார். அந்த மனுஷரை அவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

அவருக்கும் எல்லாப் பிள்ளைகளையும் பிடிக்கும். ஆனால் இசக்கியை மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? அவளைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்ததே அவர்தான். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் வெறுங்காலோடு இடது ஓரமாகப் பறந்துகொண்டிருந்தாள். அன்றைக்கே வீட்டுக்குப் போய் அவள் அம்மாவைப் பார்த்தார். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிற அம்மா. மகளையும் அடுத்த மாசத்திலிருந்து அங்கேயே கூட்டிக்கொண்டு போவதாக இருந்தாள்.

"எம் பொறுப்பு, தாயி. பிள்ளை விளையாடட்டும், படிக்கட்டும்" என்று சொல்லிக் கையோடு கூட்டி வந்தார்.

இந்த வருஷக் கடைசியில் விடுதிக்கு ஒரு படிவம் வந்தது. பதினெட்டுப் பிள்ளைகளின் பெயர். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு கேள்வி. போன வருஷத்தைவிட முன்னேற்றம் உண்டா, இல்லையா? 'இல்லை' என்று விழுந்தால் பிள்ளை மூட்டையைக் கட்ட வேண்டும்.

"நீங்களே எழுதுங்க, அண்ணாச்சி. இதுவும் ஒரு பாடந்தான்" என்று டீச்சர் அவரிடம் கொடுத்துவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்குப் படிவத்தோடு வந்தார். டீச்சர் படியில் உட்கார்ந்து ஒரு மட்டையின் பிடிக்குப் புது டேப் சுற்றிக்கொண்டிருந்தார்.

"முகம் ஏன் இப்படி இருக்கு?"

"எழுதிட்டேன், டீச்சர்."

டீச்சர் வாங்கிப் பார்த்தார். பதினேழு 'உண்டு'. ஒரே ஒரு 'இல்லை'.

"இசக்கிக்கா?"

"போன வருஷம் பதினோரு கோல். இந்த வருஷம் நாலு. வேகம் அப்படியே இருக்கு, மட்டை வேலை அப்படியே இருக்கு. ஆனா எதிர்க் கோல் பக்கம் ஆளைக் காணோம். வந்தாலும் வந்த வேகத்துல எங்கேயோ போயிருதா. எனக்கு உயிரு அந்தப் பிள்ளை. அதுக்காகத் தாள்ல பொய் எழுத எனக்கு வராது."

"அழுதீங்களா?"

"தூசி விழுந்துருச்சு."

"ரெண்டு கண்ணுலயுமா?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீங்க மாத்தி எழுதச் சொன்னா எழுதிருதேன்" என்றார். அப்படிச் சொல்லும்போதே அவர் குரல் கெஞ்சியது.

"நான் எதுக்குச் சொல்லணும்? பேனா உங்க கையில. ஆறு மணிக்குத்தானே ஆபீஸ்ல கொடுக்கணும்? அதுக்கு முந்தி இன்னிக்கு ஆட்டம் இருக்கு. வாங்க."

பிள்ளைகளையே இரண்டாகப் பிரித்து ஆடுகிற பயிற்சி ஆட்டம்தான். ஆள் குறையாமல் இருக்கப் பழைய மாணவிகள் சிலரையும் சேர்த்திருந்தார்கள். இசக்கி நீல அணியில், இடது ஓரம். அண்ணாச்சி வழக்கம்போல எதிரணியின் கோலுக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டார். படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பத்து நிமிஷம் ஆயிற்று. இசக்கி அந்தப் பக்கம் இரண்டே தரம்தான் எட்டிப் பார்த்தாள்.

'வா, பிள்ளை. இன்னிக்காவது வாயேன்' என்று அவர் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தபோது டீச்சர் வந்து நின்றார்.

"வாங்க, டீ குடிப்போம்."

"ஆட்டம் நடக்குது, டீச்சர்!"

"நடக்கட்டும்."

"காவலை விட்டுட்டுப் போற பழக்கம் எனக்கில்ல."

"இது உத்தரவு, அண்ணாச்சி."

பட்டாளத்துக்காரர் எழுந்தே ஆக வேண்டியதாயிற்று.

மைதானத்தின் மதிலுக்கு வெளியே மூக்கையாவின் டீக்கடை. ஆளுயரத்துக்கு மேலே மதில். உள்ளே நடப்பது ஒன்றும் தெரியாது, சத்தம் மட்டும் வரும். மட்டை மோதுகிற சத்தம், விசில், எல்லாவற்றுக்கும் மேலே ரோஸ்லினின் தொண்டை. ரோஸ்லின் நீல அணியின் பேக். தடுப்பு வரிசைக்குத் தலைவி. முன்னால் போனவர்களைப் பின்னால் அழைப்பதே அவள் வேலை.

"ஏட்டி ஜெபா, இறங்கி வா! ஜெபா! எங்கட்டி நிக்க?"

ஜெபா வலது ஓரம் ஆடுகிறவள்.

"மகா, ஆளைப் பிடி! ஏட்டி ஜெபா, உன்னத்தான்!"

மூக்கையா டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்:

"டீச்சர், கேக்கணும்னு இருந்தேன். அந்த இசக்கிங்கிற பிள்ளை விடுதியை விட்டுப் போயிருச்சா?"

"ஏன் மூக்கையாண்ணே, அவளைத் தெரியுமா?"

"ஆளைப் பார்த்ததில்ல. பேரு தெரியும். போன வருஷம் பூரா அந்தப் பேருதானே? 'ஏட்டி இசக்கி வா, இசக்கி இறங்கி வா'ன்னு ஒரே கத்து. ஒரு நாள் நானே 'இந்தா வந்துட்டேன்'னு குரல் கொடுத்தேன்னா பார்த்துக்கோங்க. இந்த வருஷம் அந்தப் பேரே காதுல விழல. பாவம், வீட்டுல என்ன கஷ்டமோன்னு நினைச்சேன்."

டீச்சர் சிரித்தார். அண்ணாச்சிக்குச் சிரிப்பு வரவில்லை. நெஞ்சில் மட்டையால் அடித்த மாதிரி இருந்தது அவருக்கு.

"கேட்டீங்களா, டீச்சர்? கூட ஆடுற பிள்ளைகளே அவளைக் கைகழுவிருச்சு. பேரு சொல்லிக் கூப்பிடக்கூட ஆளில்ல."

"வடையைச் சாப்பிடுங்க. ஆறுது."

"அவ அம்மாகிட்ட நான் என்னன்னு போய்ச் சொல்ல?"

"வடையை முதல்ல சாப்பிடுங்க."

அவர்கள் உள்ளே வந்தபோது இடைவேளை விசில் ஊதியது. ஒரு பெண் ஓடி வந்து நாற்காலியைத் தூக்கினாள்.

"வைம்மா" என்றார் டீச்சர். "இன்னிக்கு அது இங்கேயே கிடக்கட்டும்."

"இனிமே இது நம்ம நீல அணி கோலு, டீச்சர்" என்றார் அண்ணாச்சி. "இங்க உட்கார்ந்து நான் என்னத்தைப் பார்க்க?"

"நான் பதினஞ்சு வருஷம் இந்த இடத்துலதான் நின்னேன். நல்லா காத்து வரும். உட்காருங்க."

உட்கார்ந்தார். ஒரு ஆட்டத்தைப் பின்பக்கத்திலிருந்து பார்ப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. எல்லாருடைய முதுகும் தெரிந்தது. எதிர்க் கோல் தீப்பெட்டி அளவுக்குத் தூரத்தில் கிடந்தது. அங்கே இசக்கியிடமிருந்து ஒருத்தி பந்தைப் பறித்தாள்.

அந்த இடத்தில் ஃபார்வர்டுகள் என்ன செய்வார்கள் என்று அவருக்குத் தெரியும். இடுப்பில் கையை வைத்து நிற்பார்கள். வானத்தைப் பார்ப்பார்கள். இருபத்தாறு வருஷம் அவரும் அப்படித்தான் நின்றார். பந்து திரும்பி வரும்வரை அது பின்னால் இருப்பவர்கள் பாடு.

இசக்கி நிற்கவில்லை. பந்து போன அந்த நொடியிலேயே திரும்பிவிட்டாள். எதிரணியின் வேகக்காரி ஓரமாகப் பாய்ந்து வந்தாள். ரோஸ்லின் பதறிப்போய் இடது பக்கம் திரும்பி, கூப்பிட வாயைத் திறந்தாள். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டாள். இசக்கி அவள் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். குனிந்து மட்டையைத் தரையோடு வைத்தாள், பந்தை எடுத்தாள், மேலே தள்ளினாள், அதன் பின்னாலேயே மறுபடி ஓடினாள்.

"ஏட்டி ஜெபா!" என்று ரோஸ்லின் வலது பக்கம் பார்த்துக் கத்தத் தொடங்கினாள்.

அண்ணாச்சி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

இன்னொரு தரம் வந்தாள். அப்புறம் இன்னொரு தரம். ஒரு தடவை சரள் மண்ணில் சறுக்கி விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். எழுந்தபோதுதான் கோலுக்குப் பின்னால் இருந்தவரைப் பார்த்தாள். அவள் கண் விரிந்துவிட்டது.

"அண்ணாச்சி! இங்க என்ன பண்ணுதீங்க?"

"காத்து வாங்குதேன், பிள்ளை. நீ ஓடு, ஓடு!"

ஓடினாள். அவர் எண்ண ஆரம்பித்திருந்தார். எட்டு வரைக்கும் எண்ணினார். அதற்கு மேல் எண்ண முடியாமல் கண்ணில் மறுபடியும் தூசி விழுந்துவிட்டது.

கடைசி நிமிஷத்தில் கோல் வாசலிலேயே ஒரு பந்தை மறித்து எடுத்தாள். நடுவில் இருந்த மகாவுக்கு அனுப்பினாள். மகா யாருக்கோ தள்ளினாள். தூரத்தில் ஒரே கூச்சல்; கோல் விழுந்துவிட்டது. யார் போட்டது என்று அண்ணாச்சிக்குத் தெரியவில்லை. அவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. மூச்சு வாங்க முழங்காலில் கையூன்றி நின்ற இசக்கியையும், அவள் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்துவிட்டுச் சிரித்த ரோஸ்லினையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடிந்தது. மணி ஐந்தே முக்கால். அவர் பையிலிருந்து படிவத்தை எடுத்தார். நாற்காலியின் கையில் வைத்து, 'இல்லை' என்பதை அடித்து 'உண்டு' என்று எழுதினார். அழுத்தி எழுதியதில் தாள் லேசாகக் கிழிந்தது.

"படிவத்தைக் கிழிச்சிட்டேன், டீச்சர்."

"பரவாயில்ல."

"ரெண்டு வருஷமா அந்தப் பக்கமே உட்கார்ந்திருக்கேன். கிறுக்குப் பய நான்."

"சென்டர் ஃபார்வர்டுதானே? அப்படித்தான் இருப்பீங்க."

மைதானம் காலியாகிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் மட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு போனார்கள். இசக்கி நொண்டிக்கொண்டே போய் நாற்காலிக்காகத் திரும்பி வந்தாள். அவர் கையை அசைத்து அவளைப் போகச் சொன்னார். அவள் போகிற வரைக்கும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"ஆனாலும் எனக்கு ஒரு சங்கடம் இருக்கு, டீச்சர்."

"சொல்லுங்க."

"இவ்வளவு தூரம் ஓடி ஓடி வாரா. அந்த ரோஸ்லின் ஊர்ல உள்ள பேரையெல்லாம் சொல்லிக் கத்துதா. ஆட்டம் பூரா ஒரே ஒரு தரம், ஒரே ஒரு தரமாவது, எம் பிள்ளை பேரைச் சொன்னாளா?"

டீச்சர் குனிந்து நாற்காலியை மடக்கினார். அதை அவர் கையில் கொடுத்தார்.

"பக்கத்துல நிக்கிற பிள்ளையை யாரு, அண்ணாச்சி, பேரு சொல்லிக் கூப்பிடுவா?"