கடுஞ்சொல் தின்ற கணப்பு

ரொம்ப ரொம்ப நாளைக்கு முன்னால், அரண்மனை நாய்களுக்குக்கூட வாய் இருந்து, அரண்மனை வேலைக்காரர்களுக்கு மட்டும் வாய் இல்லாத காலத்தில், மேருபுரம் என்றொரு ராஜ்யம் இருந்தது. அங்கே மாடப்பன் ராஜாவுக்கு விசிறி வீசினான். அவன் மனைவி செங்கமலம் ராணிக்குத் தலை பின்னினாள். வேலைக்காரர்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான்: கேள்வி கேட்கக் கூடாது. கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும், சொன்னதற்குத் தலையாட்ட வேண்டும். ஏன், எதற்கு என்று வாயைத் திறந்தால் அன்றோடு வேலை போய்விடும்.

தலை நரைத்தது, கை நடுங்கியது. ஒருநாள் விசிறி ராஜாவின் மூக்கில் இடித்தது. மறுநாளே இரண்டு பேருக்கும் ஓய்வு கிடைத்தது. "வடகோடியில் ஒரு வீடு தந்தேன், போய்ச் சுகமாக இருங்கள்" என்றார் ராஜா. வடகோடியில் பாதி வருஷம் பனி கொட்டும் என்று அவர் சொல்லவில்லை. இவர்களும் கேட்கவில்லை. தலையாட்டிவிட்டு மூட்டையைக் கட்டினார்கள்.

பனிக்காலம் வந்தது. காலையில் எழுந்தால் கதவு உறைந்து கிடக்கும். மாடப்பன் தோளால் முட்டித் திறப்பான். கூரைமேல் ஏறிப் பனியைத் தள்ளுவான், இல்லாவிட்டால் கூரை இறங்கிவிடும். செங்கமலம் பானையில் பனியை அள்ளிப்போட்டு உருக்கித்தான் கூழ் காய்ச்சுவாள். ஆட்டையும் வீட்டுக்குள்ளேயே கட்டிக்கொண்டார்கள். எல்லாம் செய்தும் குளிர் போகவில்லை, ஏனென்றால் விறகு எரியவில்லை. புகைந்தது. கண் எரிந்தது. அந்த ஊரில் விறகைக் கோடையிலேயே வெட்டிக் காயவைப்பார்கள். இவர்கள் அன்றன்றைக்குப் பச்சை மரத்தை வெட்டிக்கொண்டு வந்தார்கள். பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டுப் பழகியிருந்தால்தானே?

ஒருநாள் காலையில் ஒரு மந்திரவாதி வந்தான். தாடி முழுக்கப் பனி. முதுகில் குளிர்காயும் அடுப்பாக ஓர் இரும்புக் கணப்பு.

"பெரியவரே, இதை வெச்சுக்குங்க. இதுக்கு விறகு வேண்டாம். கடுஞ்சொல் போட்டா எரியும்."

இதற்கு என்ன கூலி என்று கேட்க வேண்டாமா? நீங்களும் நானும் கேட்டிருப்போம். அவர்கள் இரண்டு பேரும் தலையாட்டினார்கள். மந்திரவாதி சிரித்துக்கொண்டே போனான்.

கணப்பு வாயைத் திறந்தது. "பசிக்குது, பசிக்குது, சூடா ஒண்ணு போடு."

அவர்கள் சண்டையே போட்டதில்லை. அரண்மனையில் குரல் உயர்த்த ஏது இடம்?

"கூழில் உப்பே இல்லை" என்றான் மாடப்பன், கூச்சத்தோடு.

"உங்க நாக்கிலதான் உணர்ச்சி இல்லை" என்றாள் செங்கமலம்.

கணப்பு குப்பென்று பற்றியது. இருவரும் சிரித்துவிட்டார்கள். கொஞ்ச நாள் அப்படியே உப்புக்கும் குறட்டைக்கும் சண்டை போட்டுக் குளிர்காய்ந்தார்கள். பிறகு கணப்பு முகம் சுளித்தது.

"பசிக்குது, பசிக்குது. விளையாட்டுச் சண்டை எனக்கு ஒத்துக்கலை. மனசில இருக்கிறதைப் போடு."

மாடப்பன் யோசித்து யோசித்துச் சொன்னான். "காலமெல்லாம் ராணிக்குத் தலை பின்னினியே, அவளுக்கு உன் பேராவது தெரியுமா?"

செங்கமலத்தின் முகம் சுருங்கியது. தீ முழங்கால் உயரம் எழுந்தது. இரண்டு நாள் வீடு கதகதப்பாக இருந்தது. இரண்டு நாளும் அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"பசிக்குது, பசிக்குது. அடியில ஒண்ணு கிடக்குதே, அதைப் போடு."

வெளியே பனிக்காற்று ஊளையிட்டது. ஆடு நடுங்கியது. செங்கமலம் கணப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"பவளத்துக்கு ஜுரம் அடிச்ச மத்தியானம் உங்களுக்கு ஆள் அனுப்பினேன். நீங்க வரலை. ராஜா தூங்கிட்டுத்தான் இருந்தார். தூங்குற மனுஷனுக்கு விசிறிக்கிட்டு நின்னீங்க. நம்ம புள்ளை செத்துப்போச்சு."

தீ கூரையைத் தொட்டது. மேலே இருந்த பனியெல்லாம் உருகிச் சொட்டியது. வடகோடியிலேயே அவ்வளவு சூடான வீடு அன்றைக்கு வேறு இல்லை. இருவருக்கும் வியர்த்துக் கொட்டியது. அதற்குப் பிறகு அவர்கள் ஒரு சொல்லும் பேசவில்லை. கணப்பு என்ன கத்தியும் பேசவில்லை.

அப்போதுதான் மந்திரவாதி திரும்பி வந்தான்.

"கூலி வாங்க வந்தேன். என் பனிக்கோட்டைக்கு வேலையாள் வேணும். இங்கே வாழப் பிடிக்காதவங்க யாரோ, அவங்க என்னோட வரட்டும். அங்கே குளிரும் தெரியாது, துக்கமும் தெரியாது. ஆனா திரும்பி வர முடியாது."

செங்கமலம் எழுந்தாள். கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். துக்கம் தெரியாத இடம் என்றால் யார்தான் போகமாட்டார்கள்? மாடப்பனின் தலை, பாழாய்ப்போன பழக்கத்தில், தானாகவே ஆடியது. அவள் வாசலைத் தாண்டக் காலைத் தூக்கினாள். கேட்டுப் பழகாத வாயை அவன் வலிந்து திறந்தான்.

"செங்கமலம், அன்னைக்குப் பவளம் என்னைத் தேடினாளா?"

"இது என்னது?" என்றது கணப்பு. "விளையாட்டும் இல்லை, வசவும் இல்லை." விழுங்கிப் பார்த்தது. பதில் வராத கேள்வி தொண்டையிலேயே நின்றது. இரும்பு வீங்கியது, படீரென்று இரண்டாகப் பிளந்தது.

"கேள்வி பட்டா என் மந்திரம் உடைஞ்சிடும். உங்க ரெண்டு பேருக்கும் கேள்வி கேட்கத் தெரியாதுன்னு நம்பித்தானே வந்தேன்" என்றான் மந்திரவாதி. சொல்லும்போதே தாடி உருகியது, தோள் உருகியது, தலை உருகியது. வாசலில் கொஞ்சம் தண்ணீர் மட்டும் நின்றது. தூரத்துக் கோட்டையில் அவன் பிடித்துவைத்திருந்த வேலையாட்கள் எல்லோருக்கும் அவரவர் துக்கம் ஞாபகம் வந்தது. அழுதுகொண்டே வீட்டைத் தேடிப் புறப்பட்டார்கள்.

செங்கமலம் தூக்கிய காலை உள்ளே வைத்தாள்.

"தேடினா. கதவு சத்தம் கேட்டப்பல்லாம் அப்பாவான்னு கேட்டா."

மாடப்பன் அழுதான். அரண்மனையில் விழுங்கிய அழுகையெல்லாம் சேர்த்து, தெருவுக்கே கேட்கும்படி அழுதான். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு வீராயி காய்ந்த விறகுக் கட்டோடு ஓடிவந்தாள். பிளந்து கிடந்த கணப்பையும் மூலையில் கிடந்த பச்சை விறகையும் பார்த்தாள். "இந்தப் பச்சை விறகை வெச்சுக்கிட்டா இத்தனை நாள் நடுங்கினீங்க? ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா அண்ணே?" என்று அடுப்பை மூட்டினாள்.

செங்கமலம் அவனை மன்னித்துவிட்டாளா என்று நீங்கள் கேட்பீர்கள். இல்லை. அவள் மன்னித்ததாக எனக்குக் கதை சொன்னவர்களும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பனிக்காலம் முழுவதும், கூழ் குடித்த பிறகு, அவன் அந்த மத்தியானத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்பான். அவள் பதில் சொல்லுவாள். குழந்தை என்ன குடித்தாள், எந்தப் பாயில் படுத்தாள், கடைசியில் யார் கையைப் பிடித்திருந்தாள். பனி உருகி ஓடை ஓடத் தொடங்கியபோது, அந்த மத்தியானம் முழுவதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. அதுவரை அதை அவள் ஒருத்திதான் சுமந்தாள். அதற்கப்புறம் இரண்டு பேர் சுமந்தார்கள்.