வழுக்குப்பாறைப் பந்தயம்

நாவல்காட்டில் சுருளி என்ற கருமந்தியும் அவன் மனைவி பிச்சியும் ஒரு மருத மரத்தில் வாழ்ந்தார்கள். அவர்களுக்குப் பால்குடி மறக்கும் வயதில் ஒரு குட்டி இருந்தது.

அந்தக் காட்டில் கோடையிலும் வற்றாத சுனை ஒன்றே ஒன்றுதான். விடியும்போது அதில் நீர் தெளிந்திருக்கும். எல்லா விலங்குகளும் இறங்கிக் குடித்த பிறகு வெறும் சேறுதான் மிஞ்சும். போன கோடையில் அந்தச் சேற்று நீரைக் குடித்த மந்திக் குட்டிகள் பல, வயிற்று நோயில் செத்துப் போயின.

சுனையில் முதலில் யார் குடிப்பது என்பதை ஆண்டுக்கொரு முறை பந்தயம் வைத்து முடிவு செய்வார்கள். காட்டின் நடுவே நீண்ட, சரிவான வழுக்குப்பாறை இருந்தது. பந்தயத்தன்று காலையில் யானைகள் வந்து பாறையின் மேற்பாதியில் புங்கங்கொட்டைகளைப் போட்டு மிதிக்கும். அந்தப் பாதி எண்ணெயில் பளபளக்கும். கீழ்ப்பாதி காய்ந்தே கிடக்கும். பாறையின் அடியில் முயல்கள் பத்து மூங்கில் கட்டைகளை முக்கோணமாக நிறுத்தி வைக்கும். மேலிருந்து பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்க வேண்டும். அவ்வளவுதான்.

பல ஆண்டுகளாக வென்று வந்தது மொத்தையன் என்ற கரடி. அது உருட்டுவது வழவழப்பான, கனத்த கருங்கல் உருண்டை.

"இந்தத் தடவை நான் ஜெயிக்கிறேன் பாரு!" என்றான் சுருளி. "நம்ம பிள்ளை தெளிஞ்ச தண்ணிதான் குடிக்கும்."

கீரி ஒன்று அந்தப் பக்கம் பந்து வியாபாரம் செய்து வந்தது.

"வாங்க அண்ணே! கரடி மாமா வச்சிருக்கிற கல்லோட கூடப்பிறந்த கல் இது! இதைத் தொட்டாலே கட்டை தானா விழும்!"

"என்ன விலை?"

"கோடை முழுக்க என் வளைக்கு மேல உட்கார்ந்து, கழுகு வந்தா ஒரு சத்தம் கொடுங்க. போதும்."

சுருளி சரி என்றான். அந்தக் கல்லைச் சுமந்து வருவதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கிவிட்டது.

பந்தயத்துக்கு முன்பு யார் வேண்டுமானாலும் பாறையில் பழகிப் பார்க்கலாம். பழகுகிறவர்களுக்காக யானைகள் மேற்பாதியில் அங்கங்கே கொஞ்சம் கொட்டைகளை மிதித்துவிட்டிருந்தன. சுருளி கல்லை உருட்டினான். அது நேராக வழுக்கிக்கொண்டு போய்ப் புதருக்குள் விழுந்தது. மறுபடி உருட்டினான். மறுபடியும் புதர்!

பிச்சி மரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க பாருங்க. கரடி தோளால தள்ளுது. நீங்க மணிக்கட்டைத் திருப்பி விடுறீங்க. உங்க கை வளைக்குது, கல்லு வளைய மாட்டேங்குது!"

"அப்ப எது வளையும்?"

"சொரசொரப்பா ஏதாவது எடுத்துப் பாருங்களேன். சும்மா எனக்குத் தெரியும்னு கிளம்பாம!"

சுருளி கல்லைத் தூர வைத்தான். ஒரு விளாங்காயைப் பறித்து உருட்டினான். எண்ணெயில் அது வழுக்கியது. காய்ந்த பாறையை அடைந்ததும் அதன் சொரசொரப்பான ஓடு தரையைப் பிடித்துக்கொண்டது. சட்டென்று வளைந்து, சுருளி நினைத்த இடத்துக்கே போனது!

அவன் அத்தோடு நிற்கவில்லை. எண்ணெய் இல்லாத ஓரத்திலும் உருட்டிப் பார்த்தான். அங்கே விளாங்காய் பாதி வழியிலேயே வளைந்து ஓடிவிட்டது. ஒரு சின்னப் பனங்காயை எடுத்து உருட்டினான். அதன் தோல் வழவழப்பு. அது பொறுமையாகப் போய்க் கடைசியில் வளைந்தது.

"ரெண்டையும் எடுத்துட்டுப் போறேன்" என்றான் சுருளி.

பந்தய நாள் வந்தது. முதல் சுற்றில் எல்லாரும் உருட்டலாம். பத்துக் கட்டைகளையும் சாய்த்தவர்களுக்கு மட்டுமே கடைசிச் சுற்று.

மொத்தையன் கருங்கல்லைத் தள்ளியது. இடி விழுந்ததுபோல் பத்துக் கட்டைகளும் சிதறின. "பார்த்துக்குங்கடா!" என்று மார்தட்டியது.

சுருளி விளாங்காயை எடுத்ததும் எல்லாரும் சிரித்தார்கள்.

"டேய் குரங்கே, பசிக்குதா? தின்னுட்டு வந்து உருட்டு!" என்றது கரடி.

சுருளி மணிக்கட்டைத் திருப்பி விட்டான். விளாங்காய் ஓரமாகப் போனது, வளைந்தது, முன்கட்டையின் விலாவில் இடித்தது. ஒன்றன்மேல் ஒன்றாகப் பத்தும் சாய்ந்தன! காடே கூச்சலிட்டது. தனக்குக் கிடைக்காத அந்தக் கூச்சலைக் கேட்டு மொத்தையனின் முகம் சுருங்கியது.

மற்ற விலங்குகள் எல்லாம் உருட்டித் தோற்று முடிய உச்சி வெயில் வந்துவிட்டது. கரடியும் மந்தியும் மட்டுமே மிஞ்சினார்கள். கீரி மெல்லக் கரடியின் காதருகே வந்தது.

"மாமா, விஷயம் அந்தக் காயிலதான் இருக்கு. கல்லுக் காலம் போயிடுச்சு! என்கிட்ட அதே மரத்துக் காய் ஒண்ணு இருக்கு. நீங்க கரையான் தின்கிற புற்றுமேட்டை எனக்குக் கொடுத்துடுங்க, காய் உங்களுக்கு."

"எடுத்துக்கோ! காயைக் கொண்டா!"

கடைசிச் சுற்றில் கரடி முதலில் வந்தது. தன் முழுப் பலத்தையும் கூட்டி விளாங்காயை வீசியது. அந்தப் பலத்துக்கு அந்தக் காய் எம்மாத்திரம்! நேராகப் போய் முன்கட்டையில் பட்டது, பந்துபோல் தெறித்துப் புதருக்குள் ஓடியது. மூன்றே கட்டைகள் விழுந்தன.

"என் கல்லைக் கொடுங்கடா! இன்னொரு தடவை!" என்று கரடி கத்தியது.

"ஒரு தடவைதான் மாமா, நீங்களே வச்ச சட்டம்" என்றன முயல்கள்.

அடுத்து சுருளி வந்தான். விளாங்காயைக் கையில் எடுத்தவன், குனிந்து பாறையைத் தடவிப் பார்த்தான். விரலில் எண்ணெய் ஒட்டவில்லை. காலையிலிருந்து உருண்ட பந்துகள் எல்லாம் எண்ணெயைத் துடைத்துக்கொண்டு போயிருந்தன. மிச்சத்தை வெயில் குடித்துவிட்டது.

சுருளி விளாங்காயைக் கீழே வைத்தான். பனங்காயை எடுத்தான்.

"ஐயோ, ஜெயிச்ச காயை விட்டுட்டானே!" என்று தலையில் அடித்துக்கொண்டது மான்.

"அது காலைப் பாறைக்கு. இது மத்தியானப் பாறைக்கு!" என்றான் சுருளி.

பனங்காய் காய்ந்த பாறையில் அவசரப்படாமல் உருண்டது. கடைசியில் வளைந்து முன்கட்டையின் விலாவில் இடித்தது. ஒன்பது கட்டைகள் சாய்ந்தன. பத்தாவது ஆடியது, ஆடியது, அதுவும் விழுந்தது!

மறுநாள் விடியலில் பிச்சி குட்டியைத் தூக்கிக்கொண்டு சுனையில் இறங்கினாள். அடியில் கிடந்த மணல்கூடத் தெரிந்தது. குட்டி வயிறாரக் குடித்தது.

அடுத்தவரை வெல்ல வைத்த பந்து நம்மையும் வெல்ல வைக்கும் என்று நம்பாமல், நம் கையின் பழக்கத்தையும் அன்றைய தரையின் நிலையையும் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே அறிவு.