வெள்ளைப் பட்டா, பச்சைப் பட்டா?

முன்னொரு காலத்தில் வேங்கைபுரி என்ற நாட்டை அதிராசவர்மன் என்ற ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் சிரிப்பு வந்துவிட்டால் ராஜ்யமே மறந்துபோகும் அவனுக்கு.

வருஷந்தோறும் அறிஞர்களுக்கு அவன் இரண்டு பட்டு போர்த்துவான். உப்பையும் உலோகத்தையும் ஆராய்ந்தவருக்கு வெள்ளைப் பட்டு. செடிகொடியையும் பிராணிகளையும் ஆராய்ந்தவருக்குப் பச்சைப் பட்டு. செத்துப்போனவருக்குப் பட்டு கிடையாது என்பது அவன் தாத்தா போட்ட சட்டம்.

காஞ்சனை என்றொரு பண்டிதை, பாம்பின் விஷத்தைக் காய்ச்சி வடித்துப் படிகமாக்கி, விஷக் காய்ச்சலுக்கு மருந்து கண்டுபிடித்தாள். அந்தப் புகையே அவள் நெஞ்சை அரித்துவிட்டது. கண்ணை மூடுவதற்குள் சபை தன்னை ஒப்புக்கொள்ள வேண்டும், அதுதான் அவள் ஆசை.

பட்டுக்கு ஆள் பொறுக்குகிறவர் பிங்களபட்டர். பொறாமையில் வெந்துபோன மனுஷன். வெள்ளைப் பட்டு கேட்டால், “பாம்பு உயிராச்சே!” என்பார். பச்சைப் பட்டு கேட்டால், “படிகம் உப்பாச்சே!” என்பார். பாவி, இப்படியே வருஷங்களை ஓட்டிவிட்டார். காஞ்சனை படுத்த படுக்கையானாள்.

அந்த வருஷம் பட்டு போர்த்தும் நாளன்று மந்திரி நன்னயர் ஒரு கிண்ணம் மோர்சாதத்தோடு சபைக்கு வந்தார்.

“பட்டரே, ஒரு வாய் சாப்பிடும். இதிலுள்ள உப்பு எந்த இடத்தில் உம் உயிரோடு சேருது? விரல் வைத்துக் காட்டும்.”

பட்டர் தொண்டையில் விரல் வைத்தார்.

“இருமினால் வெளியே வந்துவிடுமே!”

விரல் வயிற்றுக்கு இறங்கியது, முதுகுக்குப் போனது, முழங்காலில் வந்து தவித்தது. சபை குலுங்கியது.

“உம் உடம்புக்குள்ளேயே கோடு போடத் தெரியலே. அவள் வேலைக்கு நடுவில் எப்படி ஐயா போட்டீர்?”

“இரண்டு பட்டும் அவளுக்கே! பட்டரே, உம் பதவி போச்சு!” என்றான் ராஜா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. “ஆனால் இன்னொரு வாய் சாப்பிட்டுக் காட்டிவிட்டுப் போம்!”

“மகாராஜா, அவள் காத்திருக்கிறாள்...”

“பொறுமய்யா, இன்னும் ஒரே ஒரு தடவை!”

மந்திரி கெஞ்சக் கெஞ்ச, சிரிப்பு ஓயவில்லை. ஒருவழியாக ராஜாவே பட்டுகளோடு காஞ்சனை வீட்டுக்குப் போனபோது, வாசலில் பெண்கள் மாரடித்து அழுதுகொண்டிருந்தார்கள். அவள் உடம்பில் இன்னும் சூடு இருந்தது.

ராஜாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. “நன்னயரே, சட்டம் இடம் கொடுக்காதே. நீர்தான் கெட்டிக்காரர், ஏதாவது யுக்தி சொல்லும்.”

“சட்டத்துக்கு யுக்தி எதுக்கு மகாராஜா? நீங்க ஒரு வார்த்தை சொன்னா மாறிடும், தாராளமா போர்த்தலாம்” என்றார் மந்திரி. “அவளுக்குத்தான் தெரியாது.”